மூன்றாவது மேசையில் ஒரு தொலைபேசி

அன்று காலை பத்து மணி நாற்பத்து நான்கு நிமிடத்துக்குத்தான் எல்லாம் குழம்பத் தொடங்கியது.

நேரம் எனக்குச் சரியாகத் தெரியும். கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கணினிப் பயிற்சி நிலையத்துக்கு எதிரே மதில் நிழலில் உட்கார்ந்திருந்தேன். மகள் மேல்மாடியில் செய்முறைப் பரீட்சையில் இருந்தாள். பத்து மணிக்கு முதலாவது மேசை. பத்து இருபதுக்கு இரண்டாவது. பத்து நாற்பதுக்கு மூன்றாவது. மேசைக்கு இருபது நிமிடம். மதிலடியில் இருந்தபடியே நானும் அவளோடு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தேன்.

அவள் மூன்றாவது மேசையில் உட்கார்ந்து நான்கு நிமிடம் ஆகியிருக்கும். கடற்கரை ஒழுங்கையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். சாரனை மடித்துக் கட்டியிருந்தார்கள். மேலில் சட்டை இல்லை. இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தார்கள். ஒரு வார்த்தையும் பேசாமல் என்னைக் கடந்து பிரதான வீதிப் பக்கம் ஓடினார்கள்.

எங்கள் ஊரில் கடல் பக்கமிருந்து நனைந்த ஆட்கள் ஓடி வந்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்வதற்கு முதல், அந்தப் பரீட்சை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். நான் கெடுக்கப் பார்த்தது அதைத்தான்.

யுத்தம் முடிந்து மூன்றாவது கிழமை அது. மகளுக்கு இருபது வயது. உயர்தரப் பரீட்சையில் இரண்டு தடவை அவளுக்குச் சரிவரவில்லை. பெறுபேறு வந்த இரண்டு நாளும் அவள் அழவில்லை. சோறு தின்றாள், பாத்திரம் கழுவினாள், யாரோடும் கதைக்கவில்லை. ஆசிரியையின் மகள் என்பதால் ஊரார் விசாரிப்பும் கூடுதலாகவே இருந்தது. "டீச்சர்ட மகளுக்கே இப்பிடியா?" என்று என்னிடமே கேட்டார்கள். பிறகு, சுனாமியில் கடல் வந்து போனபின் உதவிப் பணத்தில் கட்டப்பட்ட அந்தப் பயிற்சி நிலையத்தில் கணினி திருத்தும் வகுப்புக்குப் போகிறேன் என்று அவளாகவே சொன்னாள். ஒரு வருஷம் படித்தால் முதல்நிலைச் சான்றிதழ். அந்தச் சான்றிதழோடு மாதம் முடிவதற்குள் வந்தால் வேலை பழகும் இடமொன்று தருவதாக ஓர் ஆஸ்பத்திரியின் பதிவுப் பகுதியில் சொல்லி வைத்திருந்தார்கள். எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்துவிட்டாள். செய்முறைதான் மிச்சம். இதைத் தவறவிட்டால் அடுத்தது ஒரு வருஷம் கழித்து. ஆஸ்பத்திரி அதுவரைக்கும் பார்த்துக்கொண்டிருக்காது.

நான் விஞ்ஞான ஆசிரியை. அந்த வருஷத்தோடு இருபது வருஷமாகச் சாதாரண தர வகுப்புகளுக்குப் படிப்பித்திருந்தேன். பரீட்சை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாததில்லை என்று நினைத்திருந்தேன். எங்கள் பாடசாலையின் ஆய்வுகூடம் கடலோடு போனது. அதற்கு முன்பும் அதன் கதவு அதிகம் திறந்ததில்லை. அளவி என்ற கண்ணாடிக் குழாயைக் கையால் தொட்டிராத பிள்ளைகள் அளவியின் படத்தை வடிவாகக் கீறி, பாகங்களின் பெயரைக் குறித்து, முழுப் புள்ளி எடுத்தார்கள். அப்படி எடுக்க வைத்தது நான்தான். இது வரும், இதைப் பாடமாக்குங்கள் என்று கோடிட்டுக் கொடுப்பேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஆகவே திருப்புளியோடு போய் எழுதும் பரீட்சையை நான் முதலில் மதிக்கவில்லை. பயமும் இருந்தது. யுத்தம் முடிந்தாலும் காவல் அரண்கள் அப்படியே இருந்தன. மகளின் பையில் திருப்புளிகள், குறடு, சிறிய பற்றரி, வயர்த் துண்டுகள். அதற்கு முந்திய வருஷங்களில் இப்படியொரு பையோடு ஒரு தமிழ் பேசும் பிள்ளை வீதியில் போக முடியுமா? ஒரு நாள் அரணில் இருந்த ஆமிக்காரர் பையைக் கவிழ்த்துக் கொட்டினார். மகள் ஒவ்வொன்றாக எடுத்து, அது எதற்கென்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னாள். அவர் கடைசியில் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ரேடியோவை எடுத்து நீட்டினார். அது பாடவில்லையாம். பற்றரியைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தாள். பாடியது.

"இதுக்கா ஒரு வருஷம் படிச்சாய்?" என்று வழியில் கேட்டேன்.

"ஓம் உம்மா. இதத்தான் கடைசி வரைக்கும் ஆட்கள் பாக்கமாட்டாங்களாம்."

செய்முறைப் பரீட்சையின் விபரத்தைப் பிறகு அவள் சொல்லச் சொல்லத்தான் என் ஏளனம் குறைந்தது.

முதலாவது மேசையில் கணினியொன்றைப் பகுதி பகுதியாகக் கழற்றி வைத்திருப்பார்கள். அதைப் பூட்டி இயக்க வேண்டும். அது கைப்பழக்கம், பழகினால் வரும். ஆனால் உள்ளே கை வைப்பதற்கு முன் பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொட்டாளா என்று பார்ப்பார்கள். உடம்பில் இருக்கும் மின்னேற்றம் கண்ணுக்குத் தெரியாமலே ஒரு பாகத்தைச் சாகடித்துவிடும். தொடாமல் பூட்டியவரின் கணினி வேலை செய்தாலும் அவருக்குப் புள்ளி குறையும். நிலைமின்னை நான் எத்தனை வருஷம் கரும்பலகையில் படிப்பித்திருக்கிறேன்! அதற்காக ஒரு பிள்ளையின் விரலை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இரண்டாவது மேசையில் இருக்கும் கணினியில் பரீட்சகரே பழுதை வைத்திருப்பார். ஒன்றா இரண்டா என்று சொல்லமாட்டார். ஒன்றைக் கண்டுபிடித்துச் சந்தோஷத்தில் எழும்பிவிட்டால் மற்றது உள்ளேயே கிடக்கும். சில வேளை கணினியில் பழுதே இருக்காது. முந்திய தொகுதியில் வரிப்பத்தான்சேனையிலிருந்து வந்த ஒருவர், வயல் செய்கிறவர், இருபது நிமிடமும் பெட்டியைக் கழற்றிப் பூட்டிக் களைத்துப்போனாராம். சுவரில் இருந்த மின்சார ஆளி அணைந்திருந்தது, அவ்வளவுதான். வெளியே வந்து அவரே சிரித்தாராம்: "வயல்ல தண்ணி இல்லாட்டி நான் முதல்ல மதகத்தான் பாப்பன். இஞ்ச வந்து வாய்க்கால முழுக்கத் தோண்டிட்டன் கண்டயளா!" அடுத்த முறை அவர் பரீட்சையில் சித்தியடைந்தார் என்று கேள்வி.

மூன்றாவது மேசையில் கணினியே இல்லை. ஒரு தொலைபேசியும் ஒரு தாளும் பென்சிலும் மட்டும். பக்கத்து அறையில் இன்னொரு தொலைபேசியோடு பரீட்சகர் இருப்பார். அவர் அந்த இருபது நிமிடமும் கணினி தெரியாத, கோபக்கார உத்தியோகத்தர். பழுது அவருடைய மேசையில். மகள் அதைப் பார்க்க முடியாது, தொட முடியாது. கேட்டுக் கேட்டே கண்டுபிடித்து, அவருடைய கையாலேயே திருத்த வேண்டும்.

புள்ளித் தாளின் மாதிரியொன்றை அவள் காட்டினாள். நான் அதை இரண்டு தடவை வாசித்தேன். என்ன மாறியது என்று கேட்டாரா. சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாரா. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினாரா. எதையும் அழிப்பதற்கு முன் அனுமதி கேட்டாரா. வேலை செய்கிறது என்று மற்றவரின் வாயால் கேட்ட பிறகு முடித்தாரா. பழுதைக் கண்டுபிடித்ததற்கு இருந்த புள்ளியைவிட, கண்டுபிடித்த ஒழுங்குக்கு இருந்த புள்ளி கூட. அதிர்ஷ்டத்தால் சரியான விடையில் விழுந்தவரை இந்தத் தாள் கண்டுபிடித்துவிடும். நான் திருத்திய தாள்கள் ஒன்றும் அதைக் கண்டுபிடித்ததில்லை. இதைத் தயாரித்தவர் யாரோ, எந்த நாட்டிலோ, ஒரு பழுதின் முன்னால் மனிதர்கள் எப்படி அவசரப்படுவார்கள் என்று நன்றாக அறிந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

வீட்டில் அந்த மூன்றாவது மேசைக்கு நான்தான் உத்தியோகத்தர். நடுவில் திரைச்சீலையை இழுத்துவிட்டு இரு பக்கமும் உட்காருவோம்.

"வணக்கம், கணினி உதவிப் பிரிவு. சொல்லுங்க சேர்."

"என்ட கம்பியூட்டர் வேல செய்யுதில்ல!"

"திரையில என்ன தெரியுது சேர்?"

"வேல செய்யுதில்ல எண்டு சொல்றன். என்னகா திரும்பத் திரும்பக் கேக்குறாய்?"

"உம்மா, ஒபிசர்மார் 'என்னகா' எண்டு கதைக்கமாட்டாங்க."

"கல்முனை ஒபிசர்மார் கதைப்பாங்க. நீ வேலையப் பாரு."

"சரி சேர். நேத்து வேல செஞ்சதா? நேத்தைக்கும் இண்டைக்கும் இடையில என்ன மாறினது?"

நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் என்ன மாறியது. அந்தக் கேள்வியை நான் பாடசாலைக்குக் கொண்டுபோனேன். கணக்கு விளங்காத பிள்ளையிடம் "ஏன் விளங்கல்ல?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எது வரைக்கும் விளங்கினது?" என்று கேட்கத் தொடங்கினேன். இருபது வருஷத்துக்குப் பிறகு, உயர்தரத்தில் சித்தியடையாத என் மகளிடமிருந்து.

ஆனால் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் இருந்து படித்ததெல்லாம் அந்தப் பத்து நாற்பத்து நான்குக்கு எனக்கு உதவவில்லை.

இரண்டு பேருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் ஓடி வந்தார்கள். அவர்களும் நனைந்திருந்தார்கள். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு இறங்கி ஓடினார். அவர் ஓடியதைப் பார்த்து ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். யார் முதலில் சொன்னது என்று தெரியாது, ஒழுங்கை முழுக்க ஒரே சத்தம்: "கடல் வருது! கடல் வருது!"

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவள். தண்ணீர் வந்தது, கை நழுவியது. மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு மாடிக் கட்டிடத்தின் மேல்தட்டில் அவளை உயிரோடு கண்டேன். என் தங்கச்சியை நான்கு நாளைக்குப் பிறகு கண்டெடுத்தார்கள். அதற்குப் பிறகு கடையிலும் பஸ்ஸிலும் மகளின் மணிக்கட்டை என் கை தானாகவே தேடும். அவள் வளர்ந்துவிட்டாள், கூச்சப்படுவாள். கைக்கு அது தெரியாது.

நான் வீதியைக் கடந்து படிகளில் ஏறினேன். செருப்பு எங்கே கழன்றது என்று நினைவில்லை. பரீட்சை அறைக்குள் வெளியார் நுழையக் கூடாது என்று கதவில் மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தது. அதை வாசித்தேன். வாசித்தேன் என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது. உள்ளே போனேன்.

மற்றப் பரீட்சார்த்திகள் மூன்று பேரும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு யன்னலடியில் நின்றார்கள். மேற்பார்வைக்கு இருந்தவர் நிலையத்தின் காரியாலயப் பெண். கல்முனையிலேயே பிறந்த தமிழ்ப் பெண், மெதடிஸ்த ஆலயத்துக்குப் போகிறவர். அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்று, "ஒருத்தரும் கீழ எறங்க வேணாம், இது மேல்மாடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகள் மட்டும் மூன்றாவது மேசையில் அப்படியே இருந்தாள். ரிசீவரைக் காதில் அழுத்தியபடி, "சேர், கேக்குதா? லைன்ல இரிக்கீங்களா சேர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தேன்.

"உம்மா! என்ன இது? சோதன நடக்குது!"

"கடல் வருது. எழும்பு."

"உம்மா, கைய விடுங்க."

"டீச்சர், இது மேல்மாடி! கீழ போகாதீங்க டீச்சர்!" என்று அந்தப் பெண் கத்தினார்.

நான் அவரையும் தள்ளிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். தொலைபேசி மேசை விளிம்பில் தொங்கியது. அந்த ஊரில் அந்நேரம் கடலிலிருந்து காப்பாற்றக்கூடிய மிக நல்ல இடங்களில் ஒன்றிலிருந்து என் பிள்ளையை நானே வீதிக்கு இறக்கினேன்.

பிரதான வீதி சனத்தால் நிறைந்திருந்தது. எல்லாரும் மேற்கே, வயல் பக்கம். ஆட்டோவுக்குள் ஒன்பது பேர், பத்துப் பேர். பாண் விற்கிறவர் சைக்கிளை விட்டுவிட்டு மணியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓடினார். நான் மகளின் கையை விடவில்லை. அவள் இழுபட்டு வந்தாள், ஆனால் ஓடவில்லை. நடந்தாள். நடந்தபடி பக்கத்தில் ஓடிய பெண்ணிடம் கேட்டாள்:

"ராத்தா, கடலக் கண்டீங்களா?"

"நான் காணல்ல. மாமி சொன்னா."

மாமி இரண்டடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். "மாமி, நீங்க கண்டீங்களா?"

"நான் எங்க கண்ட? சனம் ஓடுறதக் கண்டன். சனம் சும்மாவா ஓடும்?"

"முதல்ல ஓடினவங்கள ஆரு கண்ட?"

"நான் கண்டன்," என்றேன் நான். வாய் தானாகச் சொன்னது.

அவள் நின்றுவிட்டாள். நானும் நிற்க வேண்டி வந்தது. "என்னத்தக் கண்டீங்க உம்மா? கடலையா, ஆட்களையா?"

"ஆட்கள. நனஞ்சிருந்தாங்க."

"எது வரைக்கும்?"

"இடுப்பு வரைக்கும்."

"தல காஞ்சிருந்ததா?"

நான் யோசித்தேன். தலை காய்ந்திருந்தது. முகத்தில் பயம் இருந்ததா என்று கேட்டாள். அதையும் யோசித்தேன். பயம் இருந்தது என்னுடைய முகத்தில்தான். அவர்களுடையது எப்படி இருந்தது என்று நான் பார்க்கவேயில்லை.

அந்த நேரத்தில் அவள்தான் கண்டாள்: வந்த சனத்துக்கு எதிர்ப்பக்கமாக, கடலை நோக்கி ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். தலையில் பெரிய ஐஸ் பெட்டி. மேலில் சட்டை இல்லை. சனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போனார்.

"காக்கா! காக்கா, எங்க போறீங்க?" என்று அவரை அண்ணன் முறையில் கூப்பிட்டாள் மகள்.

"வழிய விடு புள்ள! வல கிழியப் போகுது!"

"என்ன வல?"

"கரைவல! பாரைமீன்! இந்த வருஷத்துக்கு இப்பிடி ஒரு பாடு விழல்ல. ஐஸ் இல்ல, லொறி இல்ல, ஆள் இல்ல. விடுகா!"

"கடல் வருது எண்டு சனம் ஓடுதே?"

அவர் அப்போதுதான் வீதியைப் பார்த்தார். பெட்டியைத் தலையிலிருந்து இறக்காமலே ஒரு தடவை முழுக்கத் திரும்பிப் பார்த்தார். "கடலா? நான் அங்க இரிந்துதானே வாறன். கடல் நல்லாத்தானே கிடக்கு!" பிறகு முகம் மாறியது. "யா அல்லாஹ், ஐஸுக்கு ஓடின எங்களக் கண்டா இவ்வளவும்?" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றுவிட்டு, ஐஸ் உருகுவது ஞாபகம் வர, திரும்பவும் ஓடினார்.

பிறகு மகள் செய்ததை நான் மறக்கமாட்டேன். அவள் கத்தவில்லை. வீதியில் நின்று கத்தினால் அதுவும் இன்னொரு சத்தம்தான், அதைக் கேட்டும் நாலு பேர் ஓடுவார்கள். ஓர் ஆட்டோக்காரரை மறித்து, "பெரியநீலாவணையில ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆரும் கடற்கரையில இரிக்காங்களா? ஃபோன் அடிங்க" என்றாள். அவர் அடித்தார். அங்கே ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தாராம். "என்னடா, கடலப் பத்தி என்னட்டக் கேக்குறாய்? இஞ்சதானே இருக்கு" என்று அவர் ஏசியது எங்களுக்கே கேட்டது. ஆட்டோக்காரர் அதைப் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார். அவர்கள் இறங்கினார்கள். இறங்கியவர்களைப் பார்த்து மற்றவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். ஓட்டம் எப்படிப் பரவியதோ அப்படியே நிற்பதும் பரவியது, ஆனால் மெதுவாக. சில பேர் வயல் வரைக்கும் போய்த்தான் நின்றார்கள்.

"உம்மா, நேரம் என்ன?"

கடிகாரம் இன்னும் என் கைக்குள்தான் இருந்தது. பதினொன்று பத்து.

அவள் நிலையத்தை நோக்கித் திரும்பி நடந்தாள்.

நிலையத்தின் மேல்மாடியில் மற்ற மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை. காரியாலயப் பெண் தன் மேசையில் இருந்தார். பரீட்சை நேரத்தில் நடக்கும் ஒவ்வொன்றையும் மணியோடு குறிக்கும் படிவம் அவருக்கு முன்னால் இருந்தது. என்னிடம் மறைக்காமல் திருப்பிக் காட்டினார். 10.47, வெளியார் ஒருவர் அறைக்குள் நுழைந்தார். 10.48, பரீட்சார்த்தி ஒருவர் அறையை விட்டு வெளியேறினார்.

"நான் கண்டத எழுதத்தானே வேணும் டீச்சர்," என்றார். அவருடைய வீட்டிலும் கடல் இரண்டு பேரைக் கொண்டுபோனது என்று எனக்குத் தெரியும். அவர் அங்கேயே நின்று, மூன்று பிள்ளைகளைக் காத்து, நேரத்தையும் எழுதியிருக்கிறார்.

"வெளியேறினா என்ன?" என்று கேட்டேன். பதில் தெரிந்துதான் கேட்டேன்.

"வெளியேறினா அந்தாளுக்குச் சோதன முடிஞ்சுது டீச்சர். விதி அப்பிடி."

"பிழை என்ட. அவ போகமாட்டன் எண்டுதான் சொன்னா. அதையும் எழுதுங்க."

"எழுதுறன்." எழுதினார். "ஆனா முடிவு சேர்தான் சொல்லோணும்."

அந்தச் சேர், பரீட்சகர், எங்கே என்றால் அவரைக் காணவில்லை. பக்கத்து அறையில் கதிரை பின்னால் விழுந்து கிடந்தது. அவருடைய தொலைபேசியும் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கொழும்பிலிருந்து முதல் நாள் வந்தவர். பின்படியால் இறங்கிப் போயிருக்க வேண்டும். எந்த நேரம் போனார் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அந்த அறைக் கதவு சாத்தியிருந்தது.

நாங்கள் வாங்கில் உட்கார்ந்தோம். மகளின் மணிக்கட்டில் என் விரல்களின் தடம் சிவப்பாகக் கிடந்தது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"நான் சேர் லைன்ல சும்மா இரிக்கார் எண்டு நெனச்சன்," என்றாள். "கதைக்காம இரிந்து பாக்குறார், அதுவும் ஒரு சோதன எண்டு. அதான் கேட்டுக்கிட்டே இரிந்தன்."

"மன்னிச்சிக்க மகள்."

"கோவமில்ல உம்மா." மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "ஆனா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் என்னட்ட."

"கேக்க நேரமிருக்கல்ல."

"நான் மேல்மாடியில இரிந்தன் உம்மா."

நாலரை வருஷமாக அவளைக் காப்பாற்றுவது என் கையில் இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமையும் என் கை நழுவிய பிறகுதான் அவள் ஒரு மாடிக்கு ஏறினாள் என்பதை அந்த வாங்கில் இருந்துதான் முதன்முதலாக யோசித்தேன். வீதியில் அவள் கேட்ட கேள்விகளுக்கு எந்தப் புள்ளித் தாளிலும் இடமில்லை. ஆனால் அவற்றை அவளுக்குப் பழக்கியது அந்தப் புள்ளித் தாள்தான். அதைத் தயாரித்தவருக்கு நான் மனசுக்குள் நன்றி சொன்னேன். பிறகு, அதே பரீட்சையின் விதியொன்றால் அவள் இப்போது தோற்கப் போகிறாள் என்பதும் ஞாபகம் வந்தது. அந்த விதியில் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் பரீட்சை மண்டபங்களில் நின்றவள். விதி சரி. பிழைவிட்டது நான்தான்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தது. பன்னிரண்டரையும் கடந்தது. மற்றப் பிள்ளைகள் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார்கள். ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

கீழே உழவு மெசினொன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யன்னலால் பார்த்தோம். அதன் பின்பெட்டியில், உரமூட்டைகளுக்கு நடுவில், கழுத்துப்பட்டி கட்டிய ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்கு மேலே சேறு. ஒரு காலில் மட்டும் சப்பாத்து. "ஒங்கட ஆளக் கொண்டுவந்திருக்கன்!" என்று மெசின்காரர் கீழேயிருந்து கத்தினார். "வரம்புக்கு அங்கால, எல்லாருக்கும் முன்னுக்கு நிண்டார்!"

பரீட்சகர் படியேறி வந்தார். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் படிவத்தை எடுத்து வாசித்தார். நான் எழும்பி நின்றேன்.

"நான் போன நேரம் இதில இல்லையே?" என்று அவர் காரியாலயப் பெண்ணிடம் கேட்டார்.

"நீங்க போனத நான் காணல்ல சேர். காணாதத எழுதல்ல."

அவர் தலையை ஆட்டினார். பேனையை எடுத்தார். 10.47 என்றிருந்த வரிக்கு மேலே, இடுக்கில், சின்ன எழுத்தில் எழுதினார்: 10.45, பரீட்சகர் வெளியேறினார். கையொப்பமும் வைத்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"பரீட்சகர் எழும்பி ஓடினதில இருந்து திரும்பி வரும் வரைக்கும் இங்க பரீட்சை நடக்கல்ல. நடக்காத பரீட்சையில இருந்து ஒருத்தரும் வெளியேற ஏலாது. உங்களுக்கு ஐந்து நிமிஷம் போயிருக்கு, பதினைந்து மிச்சம். இலவசமா ஒரு புள்ளியும் தரமாட்டன். போய் உட்காருங்க." சேற்றுக் காலோடு பக்கத்து அறைக்குத் திரும்பியவர், கதவடியில் நின்று என்னைப் பார்த்தார். "நீங்க மட்டும் கீழ இருங்க டீச்சர்."